வியட்நாமில் அந்நிய முதலீடு: வரவு எவருக்கு, இழப்பு எவருக்கு?

பொருளியல் மாணவி:
வணக்கம். அந்நிய நேரடி முதலீட்டைப் பற்றி முதுகலைப் படிப்புக்காக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலீடு வந்தால் வேலை பெருகும், வறுமை குறையும், வருமானம் உயர்ந்தபின் மக்களே தூய காற்றையும் நீரையும் கேட்டுப் பெறுவார்கள் என்று பாடநூல் சொல்கிறது. வியட்நாமைப் பார்த்தால் முதல் பாதி மெய்யாகத்தான் தெரிகிறது. ஆனால் 2016-இல் அந்நாட்டின் மத்தியக் கடலோரத்தில் மீன்கள் செத்து ஒதுங்கியதைப் படித்த பிறகு இரண்டாம் பாதியை நம்பி எழுதக் கை வரவில்லை. ஒரே நாட்டில் நடந்த இவ்விரண்டையும் எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்வது?

பின்னலாடைக்காரர்:
முதல் பாதியையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும், அம்மா. நான் திருப்பூரில் ஏற்றுமதித் தொழிலில் இருக்கிறேன். வெளிநாட்டு வாங்குநர்கள் விலை பேசும்போதெல்லாம் வியட்நாமின் பெயர் வருவதால் அந்நாட்டைக் கவனித்து வருகிறேன். 1986-இல் பொருளாதாரச் சீர்திருத்தத்தை அறிவித்தார்கள், 1987-இல் அந்நிய முதலீட்டுச் சட்டம் வந்தது. ஆனால் 1988-இல் கூட்டுப்பண்ணை நிலங்களின் சாகுபடிப் பொறுப்பு குடும்பங்களின் கைக்கு மாறியதும், அரிசியை வெளியிலிருந்து வாங்கிவந்த நாடு மறு ஆண்டே அரிசி ஏற்றுமதி செய்தது. வறுமையை முதலில் அசைத்தது வயல்தான். ஆலை பின்னால் வந்தது. 1993-இல் மக்களில் 58 விழுக்காட்டினர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள் என்பதையும், சாம்சங் பாக் நின் மாநிலத்தில் கைபேசி உற்பத்தியைத் தொடங்கியது 2009-இல்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இன்று அந்நாட்டு ஏற்றுமதியில் ஏறத்தாழ 70 விழுக்காடு அந்நிய நிறுவனங்களுடையது. அறுவடைக்கு அறுவடைதான் பணத்தைக் கண்ணால் பார்த்த வீட்டில் மாதம் தவறாமல் ஒரு சம்பளம் வருவது என்ன மாற்றம் என்பதை நான் தொழிலாளர் வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

கடலோரத்தான்:
மாதச் சம்பளத்தை நானும் மறுக்கவில்லை. நான் மீனவக் குடும்பத்தில் பிறந்தவன். 2016-இல் ஹா தின் கடலோரத்தில் நடந்ததை என் ஊரில் நடந்ததாகவே படித்தேன். தைவானின் ஃபார்மோசா குழுமத்தின் எஃகு ஆலை அங்கே சோதனை ஓட்டத்தில் இருந்தபோது, ஃபீனாலும் சயனைடும் கலந்த கழிவுநீர் கடலில் விடப்பட்டது. அந்த ஏப்ரலில் நான்கு மாநிலங்களின் கடற்கரையில், சுமார் 200 கிலோமீட்டருக்கு, மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. இரும்பு உருக்கப் பயன்படும் கோக் கரியை உலர் முறையில் குளிர்விப்பதாக ஒப்புதல் பெற்றுவிட்டு, நீரூற்றிக் குளிர்விக்கும் மலிவான முறைக்கு நிறுவனம் மாறியிருந்தது விசாரணையில் தெரிந்தது. மீன் வேண்டுமா, எஃகு வேண்டுமா, ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்று நிறுவனத்தின் அலுவலர் ஒருவர் சொன்னதற்கு, "நான் மீனைத் தேர்கிறேன்" என்று மக்கள் பதில் சொன்னார்கள். இழப்பீடாக நிறுவனம் 50 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. கடல் செத்ததால் வலையைச் சுருட்டி வைத்தவர் வேறு, ஆலையில் சம்பளம் வாங்கியவர் வேறு. நாட்டின் சராசரி வருமானத்தில் இந்த இருவரையும் ஒன்றாகக் கூட்டிவிடுகிறோம் என்பதே உங்கள் பாடநூலோடு எனக்குள்ள சண்டை.

பொருளியல் மாணவி:
இது எனக்குத் தோன்றாத கோணம். அப்படியென்றால், முதலீடு அந்நியருடையது என்பதுதான் சிக்கலா, அல்லது கண்காணிப்பு இல்லாததா?

பழைய வாசகர்:
தி வாய் ஆற்றைப் பாருங்கள். வேடன் என்ற தைவான் நிறுவனம் தென் வியட்நாமில் அஜினோமோட்டோ வகை உப்பைத் தயாரித்தது. சுத்திகரிக்காத கழிவை மறைவாகப் பதித்த குழாய்கள் வழியே பதினான்கு ஆண்டுகள் ஆற்றில் விட்டது 2008-இல்தான் பிடிபட்டது. அதற்கு விதித்த அபராதம் சுமார் 26.7 கோடி டாங், அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 16,000 டாலர். சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. உள்நாட்டு முதலாளியானாலும் இந்தக் கணக்கைத்தான் போட்டிருப்பார். 2010-இல் உழவர்களும் மீன்வளர்ப்போரும் வழக்குத் தொடுக்க ஆயத்தமாகி, கடைகளும் அந்தப் பொட்டலங்களை அடுக்கிலிருந்து இறக்கிய பிறகே, நிறுவனம் 20,000 கோடி டாங்குக்கு மேல் இழப்பீடு தர இசைந்தது.

ஆகவே அந்நியர் என்பது முதல் காரணமல்ல என்பேன். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: உள்நாட்டு ஆலையின் தலைமை அலுவலகத்தை ஒரு நாள் பயணத்தில் போய் மறிக்கலாம்; அந்நிய ஆலையின் தலைமையகமோ வேறு நாட்டில் இருக்கிறது. ஃபார்மோசா விவகாரத்தில் கேள்வி கேட்ட சிலர் சிறைக்குப் போனார்கள். ஆனாலும் இரும்பை உருக்கும் ஆலையின் முதல் ஊதுலை 2017 மே மாதத்தில் எரியூட்டப்பட்டது. 2019-இல் 7,000-க்கும் மேற்பட்ட வியட்நாமியர் தங்கள் வழக்கைத் தைவான் நீதிமன்றத்தில் போய்த் தொடுக்க வேண்டியிருந்தது.