கலைச்சொல் வேண்டும்: வெளிச்சத்தம் புகாத இயர்போன்

மொழிபெயர்ப்பாளர்:

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தினமும் பாட்டுக் கேட்பவர்கள் நல்ல இயர்போன் பார்த்து வாங்குவதற்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். மற்றதெல்லாம் ஓடிவிட்டது, ஓரிடத்தில் மட்டும் நிற்கிறது.

காதுத் துளைக்குள் செருகி, சிலிக்கான் முனையாலோ நுரை முனையாலோ வழியை அடைத்து, வெளிச்சத்தத்தை உள்ளே விடாத இயர்போன் ஒரு வகை. மைக் வைத்து வெளிச்சத்தத்தை வாங்கி, அதற்கு நேரெதிரான அலையை எழுப்பி அதை அழிப்பது இன்னொரு வகை. பின்னதை ‘இரைச்சல் நீக்கும்’ என்று எல்லாரும் எழுதுகிறோம். முன்னதற்கும் அதே சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். கையேட்டில் பாதி இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. வரைவில் இப்போதைக்கு ‘ஒலித்தனிமைச் செவிப்பொறி’ என்று வைத்திருக்கிறேன், மனசுக்கு ஒட்டவில்லை. நல்லதாக ஒன்று சொல்லுங்கள்.

புலவர்:

அம்மா, ஒட்டாததற்குக் காரணம் இருக்கிறது. ஐம்பொறிகளில் செவியும் ஒன்று. ‘செவிப்பொறி’ என்றால் அது காதேதான், காதில் மாட்டும் கருவி அல்ல. பொறி என்பதற்கு இயந்திரம் என்ற பொருள் உண்டு என்பீர்கள். உண்டு. ஆனால் செவியோடு சேர்ந்து வரும்போது, படித்தவன் மனம் முதலில் புலனுறுப்புக்குத்தான் போகும். ‘ஒலித்தனிமை’ இன்னும் மோசம். தனிமைப்படுத்தல் என்றதும் நோய்க்காக ஆளை ஒதுக்கிவைப்பதுதான் இன்று எல்லாருக்கும் நினைவில் வருகிறது. இங்கே யாரையும் ஒதுக்கவில்லை, ஒலியை மறிக்கிறோம்.

செவியில் செருகுவது ‘செவிச்செருகி’. ஏழாம் வேற்றுமைத் தொகை, சகரம் மிகும். ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, வழிகாட்டி எல்லாம் இகர விகுதி பெற்று நிற்பதுபோல இதுவும் நிற்கட்டும். தயவுசெய்து யாரும் ‘செருகுவான்’, ‘தடுப்பான்’ என்று ஆண்பால் விகுதியோடு வந்துவிடாதீர்கள்.

ஒலிப்பொறியாளர்:

ஐயா, செவிச்செருகி அழகான சொல். ஆனால் அது பாதி வேலையைத்தான் செய்கிறது. செருகாமல் காது வாயிலில் சும்மா உட்காரும் இயர்போன் உண்டு. செருகினாலும் அடைக்காதது உண்டு. இந்த வகையின் உயிர் அடைப்பில் இருக்கிறது.

நுரை முனை போட்டதைக் கையில் எடுத்துப் பாருங்கள். விரல்களுக்கு நடுவே உருட்டி மெல்லிய திரியாக்க வேண்டும். எதிர்க்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் துளை நேராகும். அப்போது உள்ளே விட்டு, நுரை விரிந்து பக்கங்களைப் பிடிக்கும் வரை விரலை எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். சரியாக உட்கார்ந்ததா என்று தெரிய, வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகினால் போதும். நம் குரல் மண்டைக்குள் முழங்கினால் அடைப்பு சரி. எலும்பு வழியாக வரும் தாழ்ந்த ஒலி வெளியேற வழியில்லாமல் துளைக்குள்ளேயே தங்குவதால் அப்படிக் கேட்கிறது. அடைப்பில் இடுக்கு விட்டால் முதலில் ஓடிப்போவது பாஸ், அதாவது பாட்டின் தாழ்ந்த சுருதி. நல்ல இயர்போனை வாங்கிவிட்டு ‘பாஸே இல்லை’ என்பவர்களில் நிறையப் பேருக்குக் குறை கருவியில் இல்லை, முனையின் அளவில் இருக்கிறது. இரண்டு காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படுவதும் சகஜம்.

அதனால் ‘அடைப்பு’ என்ற சொல் உள்ளே வர வேண்டும். ‘அடைப்புச் செருகி’?

டீச்சர்:

வேண்டாம் சார். பசியில் காதடைக்கிறது என்கிறோம், ஜலதோஷத்தில் காது அடைத்துக்கொண்டது என்கிறோம். அடைப்பு என்றாலே நோவு. பாட்டுக் கேட்க வாங்கும் பொருளுக்கு அந்தப் பெயரை வைத்தால் யார் தொடுவார்கள்?

நான் ஒன்பதாம் வகுப்புக்கு ஒலி நடத்துகிறேன். பிள்ளைகள் எல்லாரும் சொல்வது இயர்போன், இயர்பட்ஸ், ஹெட்செட். நான் போய் ‘செவிச்செருகி’ என்றால் பாடத்தை விட்டுவிட்டுச் சொல்லை விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். அவர்களுக்கு விளங்க வேண்டியது அந்த ‘தடுக்கும்’, ‘நீக்கும்’ வேறுபாடு. அந்த இரண்டு வினையும் நல்ல தமிழில் தெளிவாக இருந்தால் போதும், பெயர்ச்சொல் இயர்போனாகவே இருக்கட்டும். என் முன்மொழிவு: ‘வெளியொலி தடுக்கும் இயர்போன்’, ‘வெளியொலி நீக்கும் இயர்போன்’.

புலவர்:

டீச்சர், பிள்ளைகள் சொல்வதையே நாமும் சொல்வதானால் இந்தக் குழு எதற்கு? ஒலிபெருக்கி என்ற சொல்லும் ஒரு நாள் புதிதாகத்தான் இருந்தது. இன்று கூட்டத்துக்கு ஏற்பாடு செய்கிறவர் யாரும் அதை விளக்கம் கேட்பதில்லை.

செவி என்ற சொல்லின் வயதையும் ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். துளுவில் கெபி, கன்னடத்தில் கிவி, தெலுங்கில் நம்மைப் போலவே செவி. பழைய ககரம் இ, எ போன்ற முன்னுயிர்களுக்கு முன்னால் தமிழில் சகரமாயிற்று. கன்னடத்தின் ‘கெய்’ நமக்குச் ‘செய்’ ஆனதும் இவ்வழியே. அப்படியானால் ‘கேள்’ ஏன் ‘சேள்’ ஆகவில்லை? அடுத்து வரும் ளகரம் நாவை மடிக்கும் ஒலி. அது தொடர்ந்தால் ககரம் திரியாது. செவி மாறிற்று, கேள் மாறவில்லை. ஒரே புலனைச் சேர்ந்த இரு சொற்கள், ஒரே விதியின் இரு பக்கங்கள்! இப்படிப்பட்ட ஒன்றை விட்டுவிட்டு இயர்போன் என்று எழுதக் கை வரவில்லை.

கணித்தமிழ் அன்பர்:

ஐயா, கெபி, கிவி வரிசையைக் குறித்துவைத்துக்கொண்டேன். இருந்தாலும் கடன்சொல்லுக்குத் தொல்காப்பியமே வழிவிட்டிருக்கிறதே. ‘வடசொற் கிளவி வடஎழுத்து ஒரீஇ’ என்ற நூற்பாவின்படி, அயலெழுத்தை விட்டு நம் எழுத்தில் எழுதினால் அதுவும் சொல்தான். ‘இயர்போன்’ என்பதில் கிரந்த எழுத்து ஒன்றுகூட இல்லை.

எனக்கு வேறு ஒரு நெருக்கடி. செயலிகளைத் தமிழாக்குகிறேன். திரையில் ஒரு பொத்தானுக்குள் ‘வெளியொலி தடுக்கும் இயர்போன்’ அடங்காது, பாதியில் வெட்டுப்படும். ‘ஒலித்தடுப்பி’ என்று ஒரே சொல்லாகக் கிடைத்தால் நல்லது.

புலவர்:

தம்பி, நூற்பா சரி. ஆனால் அது வந்த சொல்லை எப்படி எழுதுவது என்று சொல்கிறதே தவிர, வரவழைக்கச் சொல்லவில்லை.

‘ஒலித்தடுப்பி’ அன்று, ‘ஒலிதடுப்பி’. ஒலியைத் தடுப்பது. இரண்டாம் வேற்றுமை உருபு மட்டும் தொக்கது, வலி மிகாது. ஒலிபெருக்கியில் பகரம் மிகுந்ததா?

கணித்தமிழ் அன்பர்:

பூச்சிக்கொல்லியில் ககரம் மிகுந்திருக்கிறதே ஐயா?

புலவர்:

அது வழக்கின் வன்மை. ‘பூச்சிகொல்லி’ என்பதே இலக்கணத்துக்கு ஒத்தது. உயிர்கொல்லியை யாரும் ‘உயிர்க்கொல்லி’ என்று எழுதக்கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லியே ஓய்ந்தேன்.

ஒலிப்பொறியாளர்:

ஒற்று மிகட்டும், மிகாமல் போகட்டும். வேரைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த வகை இயர்போனின் முன்னோடி எட்டிமோட்டிக் நிறுவனத்தின் ஈஆர்-4, வந்த ஆண்டு 1991. நிறுவனத்தின் பெயரே ஒரு புதுச்சொல். ‘உண்மை’ என்ற கிரேக்க வேரையும் ‘காது’ என்ற கிரேக்க வேரையும் சேர்த்து, ‘காதுக்கு உண்மையானது’ என்ற பொருளில் ஆக்கினார்கள். அந்த ‘உண்மை’ வேர்தான் சொற்பிறப்பியலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘எட்டிமாலஜி’ என்ற சொல்லிலும் இருக்கிறது. நாம் இங்கே செய்துகொண்டிருக்கும் வேலையும் அந்தக் கருவியும் ஒரே வேரில் முளைத்தவை. அவர்கள் பழைய வேரைத் துணிந்து எடுத்தார்கள், உலகம் ஏற்றுக்கொண்டது. அந்த வகையில் நான் புலவர் பக்கம்.

ஆனால் ‘தடுப்பி’ எனக்குச் சம்மதமில்லை. ஒலியளவின் அலகான டெசிபெல்லில் சொன்னால், நல்ல அடைப்பு தருவது ஏறத்தாழ 20 முதல் 30 டெசிபெல் குறைப்பு. 10 டெசிபெல் குறைந்தாலே காதுக்குப் பாதியாகக் கேட்கும், ஆகவே இது பெரிய அளவுதான். என்றாலும் முழுத் தடுப்பு அல்ல. பேச்சு, பாத்திரச் சத்தம் போன்ற உயர்ந்த சுருதியில் நன்றாகக் குறையும், எஞ்சின் உறுமல் போன்ற தாழ்ந்த சுருதியில் அவ்வளவு குறையாது. மின்னணுவால் நீக்கும் வகை நேர்மாறு: தொடர்ந்து ஒரே மாதிரி வரும் உறுமலை விழுங்கிவிடும், பக்கத்தில் பேசுகிறவரை அவ்வளவாக மறைக்காது. ‘ஒலிகுறைப்பி’ என்பதே நேர்மையான சொல்.

டீச்சர்:

‘ஒலிகுறைப்பி’ என்றால் பாட்டின் ஒலியைக் குறைக்கும் கருவி என்று பிள்ளைகள் நினைப்பார்கள் சார். எந்த ஒலி என்று சொல்லாமல் விடவே முடியாது. ‘வெளி’யோ ‘புற’மோ முன்னால் வந்தாக வேண்டும்.

இன்னொன்றையும் கையேட்டில் அழுத்திச் சொல்லுங்கள். இந்த வகையை நான் பரிந்துரைப்பதற்குக் காரணமே அதுதான். வெளிச்சத்தம் உள்ளே வந்தால் அதற்கு மேலே பாட்டு கேட்க வேண்டும் என்று ஒலியளவை ஏற்றிக்கொண்டே போவோம். வெளியே மறித்துவிட்டால் குறைந்த அளவிலேயே பாட்டின் நுணுக்கம் முழுதும் கேட்கும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பு அளவு 80 டெசிபெல், வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகிறது, 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி. போன காது திரும்பாது. சொல் விளங்காததால் ஒருவர் தவறான வகையை வாங்கி ஒலியை ஏற்றிவைத்தால், நம் தூய தமிழால் அவருக்கு என்ன லாபம்?

மொழிபெயர்ப்பாளர்:

டீச்சர் சொன்ன இந்தக் காரணத்தை முதல் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். நன்றி.

சரி, நேரமில்லை. இப்படி முடித்திருக்கிறேன். தலைப்பிலும் முதல் வரியிலும் ‘புறவொலி தடுக்கும் செவிச்செருகி’, உடனே ‘அதாவது காதை அடைத்து வெளிச்சத்தத்தைக் குறைக்கும் இயர்போன்’ என்று ஒரு வாக்கியம். உள்ளே போகப் போக இயர்போன். மற்ற வகை ‘புறவொலி நீக்கும் இயர்போன்’. முதல் வகைக்குத் ‘தடு’, அடுத்ததற்கு ‘நீக்கு’, கடைசி வரை மாற்றாமல் வைத்திருக்கிறேன். செயலிக்கு வேண்டுமானால் ‘ஒலிதடுப்பி’, ஒற்று இல்லாமல். பெரும்பாலோர் இதற்கு இசைவார்கள் என்று நினைக்கிறேன்.

டீச்சர்:

எனக்குச் சரி. வகுப்பில் இயர்போன்தான் சொல்வேன்.

கணித்தமிழ் அன்பர்:

எனக்கும் சம்மதம். ஒற்றில்லாமல் போட்டால் பிழைதிருத்தி சிவப்புக் கோடு போடும், அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

ஒலிப்பொறியாளர்:

‘தடுக்கும்’ என்பதில் என் மறுப்பு அப்படியே இருக்கிறது. எவ்வளவு என்று அது சொல்லாததால் சாலையில் நடக்கிறவருக்கு இரட்டை ஆபத்து. முழுதாகத் தடுக்கும் என்று நம்பி வாங்கி ஏமாறுவார், அல்லது ஹாரன் எப்படியும் கேட்கும் என்று போட்டுக்கொண்டு நடப்பார். எத்தனை டெசிபெல் குறையும் என்பதைச் சொல்லுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், அது போதும்.

புலவர்:

முதல் வரியில் செவிச்செருகி நிற்கிறது, அதற்கு நன்றி அம்மா. ஆனால் முதல் வரியில் வந்த சொல் பத்தாம் வரியில் ஏன் மறைய வேண்டும்? நான்கு முறை கண்டால்தானே கண்ணுக்குப் பழகும்? அடுத்த பதிப்பு வந்தால் மறுபடி கேட்பேன்.

அந்த நுரை முனைக்கு என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்? ‘முனை’ என்றால் கூராக இருக்க வேண்டுமே. ‘நுரைக்குமிழ்’ பொருந்துமா?

மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, கோப்பை அனுப்பிவிட்டேன். நுரைமுனை என்றே போயிருக்கிறது.