ஓய்வு பெறும் எம்ஓஎச்சிடம் கொரோனாக் காலத்தைப் பற்றி என்ன கேக்கலாம்?

வடலி:
யாழ்ப்பாணத்தில எங்கட பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி (எம்ஓஎச்) அடுத்த மாதம் ஓய்வு பெறுறார். 2020 மார்ச்சில ஊரடங்கு போட்ட நாளில இருந்து தடுப்பூசி முடியுமட்டும் பொறுப்பில இருந்தவர். பிரியாவிடை மலருக்கு நேர்காணல் எடுக்க வேணும். "அர்ப்பணிப்பு, சேவை, நன்றி" எண்டு நாலு பக்கம் நிரப்ப விருப்பமில்லை. அடுத்ததா அந்தக் கதிரையில இருக்கப்போற ஆளுக்கு உதவ வேணும். என்ன கேக்கலாம்?

பதிவேடு:
பொதுவாக் கேட்டால் பொதுவாத்தான் பதில் வரும். ஒரு கொத்தணியை, அதாவது ஒரே இடத்தில இருந்து பரவின தொற்றுக் கூட்டத்தை, பிடியுங்கோ. 2020 டிசம்பர் மருதனார்மடம் சந்தை நல்லது. சந்தையில தொற்று வந்தால் வியாபாரிக்குப் பக்கத்துக் கடைக்காரரைத் தெரியும், மரக்கறி கொண்டுவந்த தோட்டக்காரரைத் தெரியும். வாங்கிக்கொண்டு போன சனத்தின்ர பேர் தெரியாது. தோட்டக்காரர் வேற எம்ஓஎச் பிரிவாயிருப்பார். பட்டியல் அந்த எல்லையைத் தாண்ட எவ்வளவு நேரம் பிடிச்சது, ஆர் ஆருக்குச் சொன்னது எண்டு கேளுங்கோ.

முகவரியும் ஒரு தலையிடி. "கோயிலடி ஒழுங்கை" எண்டு எழுதினால் ஊருக்கு ஊர் அது இருக்கு. கிராம அலுவலர் பிரிவுக்குக் குடுத்திருக்கிற ஜே (J) இலக்கம்தான் ஆளைப் பிடிச்சுத் தரும். அப்ப நோயாளியோட பழகின ஆக்களைத் தேடினது அவருக்கு அறிகுறி தொடங்க 2 நாள் முந்தியிருந்து. தனிமைப்படுத்தின 14 நாள் கணக்கு நோயாளியோட கடைசியாப் பழகின நாளில இருந்து. பிசிஆர் முடிவு வந்த நாளில இருந்து எண்ணினால் சனம் சும்மா கூட நாள் அடைபட்டுக் கிடக்கும். அடுத்தமுறை பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் பிழையான போன் நம்பர்தான் குடுக்கும்.

டிசம்பர் மழையில டெங்கும் வரும். அதே பிஎச்ஐமார்தான் அதுக்கும். ஆர் பார்த்தது?

குளிர்ப்பெட்டி:
தடுப்பூசியை விடாதேங்கோ. 2021 மே கடைசியில இங்க பொதுசனத்துக்குப் போடத் தொடங்கினது சினோபாம். 2 முதல் 8 பாகை வெப்பநிலையில வைக்க வேணும். எல்லாரும் சூட்டுக்குப் பயப்பிடுவினம், ஆனால் உறையிறதும் அதேயளவு கேடு. அதில அலுமினியம் சேர்ந்திருக்கு, உறைஞ்சால் பிறகு இளகினாலும் பலனில்லை. அதால ஐஸ் பைக்கற்றை உறைபெட்டியால எடுத்த கையோட பெட்டிக்குள்ள அடுக்கக் கூடாது. வெளியில வைச்சு, காதடியில பிடிச்சு ஆட்டிப் பாருங்கோ. உள்ளுக்குத் தண்ணி சலசலத்தால்தான் வைக்கலாம்.

பைசர் வேற கணக்கு. அந்த நேரம் வந்த குப்பிக்குள்ள 1.8 மில்லிலீற்றர் சேலைன் விட்டு, ஆளுக்கு 0.3 மில்லிலீற்றர் படி 6 பேருக்கு. சாதாரண சிரிஞ்சில மருந்து தங்கி நிக்கும், ஆறாவது ஆளுக்குக் காணாது. கலந்து 6 மணித்தியாலத்துக்குள்ள முடிக்க வேணும். இப்ப நெடுந்தீவை யோசியுங்கோ: குறிகட்டுவான் இறங்குதுறையில இருந்து படகில ஒரு மணித்தியாலம், கடல் குழம்பினால் அதுவுமில்லை. கடைசிக் குப்பியை உடைக்க முதல் ஆக்களை எப்படி எண்ணிச் சேர்த்தவை, மிஞ்சினதுக்கு ஆரைக் கூப்பிட்டவை? படுக்கையில கிடந்த வயோதிபர் வீடுகளுக்கு எந்த ஒழுங்கில போனவை?

ஒழுங்கைக்காரன்:
மேல ரெண்டு பேரும் சொன்னது சரி. ஆனால் அவர் தான் உடன்படாத ஆணையையும் நடைமுறைப்படுத்தியிருப்பார், அதைக் கேக்காட்டில் நேர்காணலே வீண். உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் எண்டு சொல்லியும், 2021 பெப்ரவரி வரைக்கும் இங்க கொரோனாவில செத்த எல்லாரின்ர பிரேதத்தையும் எரிக்கத்தான் வேண்டியிருந்தது. முஸ்லிம் குடும்பங்களுக்கு அதை எப்படிச் சொன்னவர்? சட்டம் 1897 ஆம் ஆண்டுத் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டம். அதைக் கையில வைச்சுக்கொண்டு கதைக்கிறதும் கதிரையைப் போட்டிருந்து கதைக்கிறதும் வேற வேற.

நோயாளிகளின்ர பேர், ஒழுங்கை எதுவும் அச்சில வரக்கூடாது. அரியாலைத் தேவாலய ஆராதனையோட தொடர்புபட்ட தொற்று 2020 மார்ச்சில வெளிவந்த நேரம் சனம் எப்படிக் கதைச்சது எண்டு தெரியும்தானே.

வடலி:
நன்றி. அந்தக் காலத்துக் குறிப்பேட்டையும் கையோட கொண்டுவரச் சொல்லுறன். நெடுந்தீவுக் கேள்விதான் முதல். பிரேதக் கேள்வியை மலர்க்குழு வெட்டச் சொல்லும், பாப்பம்.