டாம் சாயரை எட்டாம் வகுப்புக்கு எப்படிச் சொல்ல?

அண்ணாச்சிமாரே, டீச்சர்மாரே, ஒரு யோசனை சொல்லுங்க. அம்பாசமுத்திரம் பக்கம் நடுநிலைப் பள்ளியில எட்டாம் வகுப்பு எடுக்கேன். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1876-ல வெளியிட்ட டாம் சாயர் கதைய வாரம் ஒரு பீரியட் வாசிக்கோம். வேலிக்கு வெள்ளையடிக்கிற இடத்துல பயலுவ விழுந்து விழுந்து சிரிச்சானுவ. டாம் தன்னோட தண்டனை வேலைய மத்தவன் தலையில கட்டிட்டு, அவனுவகிட்டயே பட்டம், செத்த எலி வரைக்கும் கூலியா வாங்குறானே! "சார், நான்னா பம்பரந்தான் கேப்பேன்"னான் ஒருத்தன். கதையில வர்ற மிசிசிப்பி ஆத்துக்குத் தாமிரபரணியக் காட்டித்தான் ஓட்டுறேன்.

சிக்கல் என்னன்னா, கறுப்பின மக்களையும் செவ்விந்தியரையும் இழிவாச் சொல்ற அந்தக் காலத்துச் சொற்கள் அதுல அப்படியே வருது. விட்டுட்டு வாசிக்கவா, நிறுத்தி அடிமைமுறைய விளக்கவா? விளக்கணும்னுதான் எனக்குத் தோணுது. நம்ம பக்கமும் சாதியச் சொல்லி ஏசுறது உண்டே. வகுப்புல இதப் பேசினவங்க எங்கேர்ந்து ஆரம்பிச்சீங்க? பிள்ளைகளுக்கான தமிழ்ச் சுருக்கம் யார்ட்டயாவது இருந்தா, நகல் எடுத்துட்டுத் திருப்பித் தாரேன்.