மாட்டுக்கொட்டகைல படுக்க 2,700 பவுண்டா?

ஹாரோஅக்கா: இங்கிலாந்துல ஹெரிஃபோர்ட்ஷையர்ல, ராஸ்-ஆன்-வை பக்கம், வை ஆத்தங்கரைல ஒரு பழைய பார்ன் கன்வர்ஷன் புக் பண்ணிட்டோம், அதாவது பழைய பண்ணைக் கட்டடத்த வீடா மாத்துனது. 3 நைட், 2,700 பவுண்ட், நாலு குடும்பம், தாத்தா பாட்டி சேத்து 18 பேரு, எல்லாரும் ஒரே டேபிள்ல ஒக்காந்து சாப்டலாம். இனிமே பெரிய குடும்பமா போறவங்க ஹோட்டல் பக்கமே போயிராதீங்க.

வைகைக்கரையான்: அதாவது மாட்டுக்கொட்டகைல படுக்க 2,700 பவுண்டு. எங்க அப்பத்தா கேட்டா சிரிச்சே உசுர விட்டுரும். நாங்கள்லாம் ஊர்ல ஓசிலயே படுத்தவங்க.

ஹாரோஅக்கா: தம்பி, இது மாட்டுக்கொட்டகை இல்ல, கதிரடிக்கிற எடம். நம்மூர் களத்துக்கு கூரை போட்டா எப்டி இருக்கும், அப்டி. எதிரெதிரா ரெண்டு பெரிய கதவு, கதிர் ஏத்துன வண்டி அப்டியே உள்ள வர்ற உசரத்துக்கு. ரெண்டையும் தொறந்து வுட்டா காத்து குறுக்க அடிக்கும், நடுவுல நின்னு தூத்துவாங்க. இப்ப அந்த வாசல் முழுக்க கண்ணாடி, காபி குடிச்சுக்கிட்டே ஆத்த பாக்கலாம். செவுத்துல கை நுழையுற அகலத்துக்கு நீட்டமா சந்து வேற, உள்ள காத்தோட்டத்துக்கு. மாட்டுக்கு எவன் இவ்ளோ செய்வான்?

வைகைக்கரையான்: ஹெரிஃபோர்ட்காரன் செய்வான். ஊர் பேரையே மாட்டுக்கு வச்சவன். அந்த ஊர் கொட்டகைல மாடே நிக்கலன்னு இங்க லண்டன் ஹாரோல ஒக்காந்துக்கிட்டு எப்டி சொல்றீங்க?

ஒடியல்கூழ்: அண்ணை, அதை மாட்டுக்கொட்டில் எண்டு சொல்லுங்கோ, கொட்டகை எண்டா எங்களுக்குப் படம் பாக்கிற இடம். நான் வட இங்கிலாந்தில, கம்பிரியாவில இருக்கிறன், இஞ்ச மலைச்சரிவில கட்டின பார்ன் கனக்க. கீழ மாடு, மேல வைக்கோல், மேட்டுப்பக்கத்தால வண்டில் நேர மேல்தட்டுக்குப் போகும்.

வைகைக்கரையான்: கீழ மாடு! சாட்சியே வந்தாச்சு!!

ஹாரோஅக்கா: அது கம்பிரியா!! நான் புக் பண்ணது ஹெரிஃபோர்ட்ஷையர்!! படிச்சுட்டு பேசுங்க.

ஒடியல்கூழ்: கொட்டில் எண்டு சொல்லச் சொன்னதுக்கு ஒருத்தரும் மறுமொழி தரேல்ல.

வைகைக்கரையான்: எங்கூர்ல கொட்டகைதான். தியேட்டருக்கும் கொட்டகைதான். மாட்டுக்கும் அதே மரியாதை.

சும்மாபாத்தேன்: மாட்ட வுடுங்கப்பா, ஆத்தங்கரைங்கறீங்களே வெள்ளத்த பாத்தீங்களா? 2020 பிப்ரவரில டென்னிஸ் புயல் வந்தப்ப இதே வை ஆறு பொங்கி ஹெரிஃபோர்ட் டவுனுக்குள்ளயே தண்ணி வந்துச்சு. அப்புறம் இந்த மாதிரி எடத்துல பெரும்பாலும் செப்டிக் டேங்க்தான், 18 பேரு போறீங்க, ஒரு பொடிசு வெட் வைப்ப உள்ள போட்டாலும் அடைச்சுக்கும், அப்புறம் லீவு நாள்ல ஆள் தேடணும்.

வைகைக்கரையான்: மாட்டுக்கு எதுக்கு செப்டிக் டேங்க்?

ஹாரோஅக்கா: இவ்ளோ வாய் பேசறவரு போன வருஷ டிரிப்புல குடுக்க வேண்டிய 140 பவுண்ட இன்னும் குடுக்கல. எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்.

வைகைக்கரையான்: குடுக்க மாட்டேன்! எனக்கு பெட்ரூம்னு சொல்லி கூட்டிட்டு போயி டிவி ரூம்ல சோஃபா பெட், நடுராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உங்க மச்சான் அங்கயே ஒக்காந்து கிரிக்கெட் ஹைலைட்ஸ். கிரீம் கலர் சோஃபால மட்டன் குழம்ப கவுத்தது யார் வீட்டு புள்ள? மஞ்சக்கறைக்கு டெபாசிட்ட புடிச்சது என் கணக்குலயா?

ஹாரோஅக்கா: குழந்தைய இழுக்காதீங்க. அது சாம்பார்.

சும்மாபாத்தேன்: சாம்பாருக்கு அவ்ளோ எண்ணெ மெதக்காதே அக்கா, போட்டோ நானும் பாத்தேன்.

ஒடியல்கூழ்: இடியப்பம் கொண்டு போயிருந்தா இந்தக் கரைச்சலே இல்ல.

வைகைக்கரையான்: நீங்க போட்ட லிங்க்ல ஏழாவது போட்டோ, கிச்சன். ஃப்ரிட்ஜுக்கு பக்கத்துல கல்லு செவுத்துல, இடுப்பு உசரத்துல ஒரு இரும்பு வளையம். பெருசு பண்ணி பாருங்க, கயிறு ஒராஞ்சு ஒரு பக்கம் தேஞ்சுருக்கு. அதுல என்ன கட்டுனாங்க? நெல்லையா?

ஹாரோஅக்கா: அது குதிரை கட்டுனது!! வண்டி இழுத்துட்டு வந்த குதிரை!!

வைகைக்கரையான்: ஓ, குதிரைன்னா பரவால்லயா. அப்ப 2,700 சரிதான் 😂

ஹாரோஅக்கா: 140 பவுண்ட் எப்ப வரும்?

வைகைக்கரையான்: வளையத்துக்கு மொதல்ல பதில் சொல்லுங்க.