சுவாவில் இருக்கும் நம் ஊர்ப் போதகர் குடும்பம்: உதவி பற்றி

அன்பான ஊரவர்களுக்கு வணக்கம்.

போன கிழமை நம் ஊர்ச் சங்கத்தின் மடல் குழுவில் தொடங்கிய பேச்சு கொஞ்சம் சூடாகிவிட்டது. திருகோணமலைப் பாலையூற்றில் வளர்ந்து மெதடிஸ்த போதகராகி, இப்போது பிஜியில் சுவா நகரத்தில் இறையியல் கற்பிக்கிற நம் பெடியனின் குடும்பத்துக்குச் சங்கம் ஏதாவது செய்யலாமா என்று ஒரு தங்கச்சி கேட்டார். மிஷனரிக்கு நாங்கள் ஏன் உதவ வேண்டும் என்று லண்டன் அண்ணை திருப்பிக் கேட்டார். அதற்குப் பிறகு வந்த மடல்கள் பலவற்றில் அந்தக் குடும்பத்தைக் காணவே இல்லை. நான் மெல்பேணில் இருப்பவன், சைவக்காரன், அவனோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். அங்கே போய் அவர்களைப் பார்த்தும் வந்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் அண்ணையின் கோபம். அது நியாயமானது. 1622 இல் போர்த்துக்கீசர் கோணேசர் கோவிலை இடித்தார்கள், அந்தக் கல்லை எடுத்தே கோட்டை கட்டினார்கள். இன்று பிரெட்றிக் கோட்டை எனப்படும் அதன் வாசலில் மீன் பொறித்த கல்லையும் அதன் பக்கத்து எழுத்தையும் பார்க்காமல் மலைக்கு ஏறியவர் நம்மில் யார்? ஆனால் அண்ணை, இடித்தவன் கொன்ஸ்தந்தீனு டி சா என்கிற படைத்தளபதி. இவனுடைய மெதடிஸ்த சபையைக் கொண்டுவந்த வெஸ்லியன்காரர் இலங்கையில் கால் வைத்தது 1814 இல். இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதினால் கணக்கு நேராது.

அடுத்தது, அவன் அங்கே என்ன செய்கிறான் என்பது. மிஷனரி என்றதும் பஸ் நிலையத்தில் துண்டுப்பிரசுரம் கொடுப்பவர்தான் நம் ஆட்களுக்கு நினைவு வரும். இவனுடைய வகுப்பில் மதம் மாற்ற ஆளே கிடையாது. எல்லாரும் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். கிரிபாட்டி, துவாலு, தொங்கா போன்ற தீவுகளிலிருந்து தங்கள் சபைகள் அனுப்பி, போதகராவதற்குப் படிக்க வந்தவர்கள். அவர்களுக்கு இவன் பைபிளின் முதற்பகுதியான பழைய ஏற்பாடும் எபிரேய மொழியும் சொல்லிக் கொடுக்கிறான். காலையில் எபிரேய வினைச்சொல் அட்டவணை, பின்னேரம் கட்டுரை திருத்துவது, இரவில் யாராவது மாணவரின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வைத்தியசாலைக்கு வான் ஓட்டுவது. ரியூசன் வாத்தியாருக்கும் இவனுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. காசு மட்டும் ரியூசன் வாத்தியாருக்குக் கூட.

அவன் முதலில் இறையியல் படித்தது பிலிமத்தலாவையில். கண்டிக்குப் போகும் ரயிலில் அந்த ஸ்டேஷனைத் தாண்டிப் போயிருப்பீர்கள். அங்கே 1963 இல் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்ரிஸ்ற் சபைகள் சேர்ந்து இலங்கை இறையியல் கல்லூரியைத் தொடங்கின. சிங்களத்திலும் தமிழிலும் படிப்பிப்பதுதான் அதன் விசேஷம். நாடு இரண்டாகப் பிளந்து கிடந்த காலத்திலும் காலியிலிருந்து வந்தவரும் மூதூரிலிருந்து வந்தவரும் அங்கே ஒரே மேசையில் சோறு சாப்பிட்டார்கள். பிறகு பெங்களூரில் மேற்படிப்பு. தெல்லிப்பழையில் பிறந்த மெதடிஸ்த போதகர் டி. ரி. நைல்ஸ் படித்ததும் பெங்களூரில்தான். 1948 இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் தொடங்கியபோது தொடக்கப் பிரசங்கம் செய்தவர்களில் ஒருவர் அவர். 1968 இல் சுவீடனில் உப்சாலாவில் நடந்த அதே மன்றத்தின் கூட்டத்தில் மார்ட்டின் லூதர் கிங் பேச இருந்தார். அவர் கொல்லப்பட்டதால் அந்த இடத்தில் பேசியதும் நைல்ஸ். நம் பக்கத்து ஆள் ஒருவர் இந்த அளவுக்குப் போனது சைவக்காரர் எங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியது என்பது என் எண்ணம்.

வெள்ளைக்காரர் சுவிசேஷத்தைப் பூச்சட்டியோடு சேர்த்துக் கொண்டுவந்தார்கள், சட்டியை உடைத்துச் செடியை நம் மண்ணில் நட வேண்டும் என்ற பேச்சு நைல்ஸ் பெயரில்தான் வழங்குகிறது. பசிபிக் தீவுகளில் அப்படி நட்டுப் பார்த்தவர் சியோனே அமனாகி ஹவேயா என்ற தொங்காக்காரர். அப்பமும் திராட்சை ரசமும் விளையாத தீவில் தேங்காயின் பருப்பும் நீரும் ஆலயத்தில் பகிர்ந்து உண்ணும் நற்கருணைக்குப் போதாதா என்று கேட்டார். தேங்காய் இறையியல் என்றே அதற்குப் பெயர். இதைச் சொல்லிவிட்டு அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். கோவில் வாசலில் தேங்காய் உடைத்து வளர்ந்தவனிடம் அதைப் புதுமையாகச் சொன்னால் வேறென்ன செய்வது!

அவன் வகுப்பில் ஒரு நாள் பின்வரிசையில் இருக்க அனுமதி கிடைத்தது. பாடம் நோவாவின் வெள்ளம். எனக்கு அந்தக் கதை மேலோட்டமாகத்தான் தெரியும். வெள்ளம் வடிந்த பிறகு, இனி ஒருபோதும் பூமியை வெள்ளத்தால் அழிக்கமாட்டேன் என்று கடவுள் வாக்குக் கொடுத்து வானவில்லை அடையாளமாக வைக்கிறார். துவாலுவில் மிக உயர்ந்த இடமே 5 மீற்றருக்குள். கிழங்கு நடுகிற குழிகளுக்குள் கடல்நீர் ஊறி வருகிறது. ஆனால் ஊர்ப் பெரியவர்களில் சிலர் கடல் ஏறாது, கடவுள் நோவாவுக்குச் சொல்லிவிட்டார் என்கிறார்களாம். படித்து முடித்துப் போய் இவர்களுக்கு நான் என்ன பிரசங்கம் செய்வது என்று ஒரு மாணவர் எழுந்து கேட்டார். நல்ல உயரமான ஆள், குரல் மட்டும் நடுங்கியது.

இவன் உடனே பதில் சொல்லவில்லை. 2004 மார்கழி 26 ஆம் திகதி காலையில் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் நடந்ததைச் சொன்னான். ஆலயத்தில் ஞாயிறு ஆராதனை, நத்தாருக்கு அடுத்த நாள், வந்திருந்தவர்கள் புது உடுப்போடு இருந்தார்கள். பிறகு அவனும் மற்றவர்களும் கடற்கரையில் என்ன தூக்கினார்கள் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், நான் எழுதத் தேவையில்லை. வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. அதன் பிறகுதான் வேதப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னான். கடவுள் வாக்குக் கொடுத்த அந்த உடன்படிக்கை யார் யாரோடு என்று ஒவ்வொருவராக வாசிக்க வைத்தான். நோவாவோடு மட்டுமல்ல, பறவைகளோடும் மிருகங்களோடும் உயிருள்ள எல்லாவற்றோடும் என்று வருகிறது. கடவுள் அழிக்கமாட்டேன் என்றுதான் சொன்னார், மனிதர் புகையைக் கக்கிப் பக்கத்துத் தீவை மூழ்கடிக்கமாட்டார்கள் என்று அவர் உத்தரவாதம் தரவில்லை என்றான். நோவா கட்டிய கப்பலான பேழைக்குள் ஏறியவர்களை மட்டும் பார்க்காதீர்கள், வெளியே நின்றவர்களையும் எண்ணுங்கள் என்று சொல்லி அதையே கட்டுரைக்குத் தலைப்பாகக் கொடுத்தான்.

கபாடபுரத்தைக் கடல் கொண்டது என்று கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமான பாடமா? கோணேசர் கோவிலின் தூண்களே கடலுக்குள்தான் கிடக்கின்றன. லண்டன் பேராசிரியர் ஒருவர் அந்த மாணவருக்கு இதைவிடத் திறமான விளக்கம் கொடுத்திருக்கலாம். ஆனால் கடல் வந்து போன கரையில் நின்றவன் சொல்லும்போது அவர்கள் கேட்ட விதத்தை நான் பார்த்தேன். திருகோணமலைக்காரன் ஒருவன் அங்கே இருப்பதற்கு இது ஒன்றே எனக்குப் போதுமான காரணம்.

சரி, இப்போது குடும்பம். மிஷன் வரலாற்றில் ஆண்களின் பெயர்தான் கல்லில் வெட்டப்பட்டிருக்கும், விலையைக் கொடுத்தது பெரும்பாலும் வீட்டார். 1814 இல் மட்டக்களப்புக்கு வந்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் ஓல்ட்டின் மனைவி கப்பலிலேயே இறந்துபோனார். ஓல்ட்டும் மறு வருடம் போய்ச் சேர்ந்தார். யாழ்ப்பாணத்து உடுவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய ஹரியட் வின்ஸ்லோ 1833 இல் அங்கேயே இறந்தார். அவருடைய கணவர் வின்ஸ்லோவின் தமிழ் அகராதியை எல்லாருக்கும் தெரியும். நம் கத்தோலிக்கச் சொந்தங்கள் தங்கள் பக்கத்தில் யூஜின் ஹேபியர் அடிகளைச் சொல்வார்கள். கிழக்கில் பெடியன்களுக்குக் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்கர், 1990 ஆவணி 15 இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வழியில் காணாமல் போனவர்.

இன்றைக்கு அப்படி உயிர் போகிற ஆபத்து இல்லை. ஆனால் இவன் மனைவி ஊரில் கணித ரீச்சர். நல்ல ரீச்சர், நம் குழுவில் உள்ள சிலரின் மருமக்களுக்கே படிப்பித்தவர். பிஜியில் கணவனின் விசாவில் இருப்பதால் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. கல்லூரி வளவுக்குள் மாணவர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சும்மா கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். கல்லூரி தரும் வீடும் படியும் வயிற்றுக்குக் காணும், மிச்சம் பிடிக்கக் காணாது. பெரிய மகள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், விளையாட்டில் பிஜி ஹிந்தி, வீட்டில் தமிழ். 1903 இலிருந்து சென்னை வழியாகக் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே நிறைய இருக்கிறார்கள், மாரியம்மன் கோவிலில் தீமிதிப்பும் நடக்கிறது, ஆனால் பெரும்பாலானோர் வீட்டில் தமிழ் போய்விட்டது. தன் பிள்ளைகளுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்ற பயம் தாய்க்கு. பாதிரி வீட்டம்மா தீமிதிப்புக்குப் போய் நின்று அங்குள்ள கிழவிகளோடு தமிழில் கதைத்துவிட்டு வந்தாராம். ஊரில் இதை யாராவது கேள்விப்பட்டால் என்ன சொல்வார்களோ என்று சிரித்தார்.

எல்லாவற்றிலும் பெரிய விஷயம் அவன் அம்மா. அப்பா இறந்தபோது கொழும்பு, சிங்கப்பூர், பிஜியின் நாடி விமான நிலையம், பிறகு தரைவழியாகச் சுவா என்கிற அந்தப் பாதையில் திரும்பி வந்து சேர நேரம் காணவில்லை. நல்லடக்கத்தை ஃபோனில் பார்த்தான். ஊர் ஊராக எத்தனையோ பேருக்கு அடக்க ஆராதனை நடத்தியவன். அம்மா இப்போது பாலையூற்று வீட்டில் தனிய. அக்கா ஜேர்மனியில். அம்மாவுக்கு நீரிழிவு, ஒரு கண்ணில் பார்வை குறைவு. மாதக் கிளினிக்குக்கு ஓட்டோவில் தனியப் போய், வரிசையில் நின்று, மருந்தை எடுத்துக்கொண்டு வருகிறார். மகனிடம் எல்லாம் சுகம் என்றுதான் சொல்வாராம்.

அதனால் என் கருத்து இது. காசோலை எழுதிப் படம் பிடித்துப் போட வேண்டாம், அவன் அதை வாங்கவும் மாட்டான். கேட்டுப் பார்த்துவிட்டேன். ஊரில் நம் சங்கக் கிளைக்காரர் அந்தக் கிளினிக் நாளுக்கு ஒருவரை முறை வைத்து அம்மாவோடு அனுப்பட்டும், ஓட்டோக் காசைச் சங்கம் கொடுக்கட்டும். கண்ணைக் கொழும்பில் காட்ட வேண்டும் என்று டொக்டர் சொன்னால், இரவு ரயிலில் கூட்டிப் போக ஒரு பெண்பிள்ளை வேண்டும். லண்டன் அண்ணை, உங்கள் தங்கச்சி வீடு அடுத்த ஒழுங்கைதான், இதில் உங்கள் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறேன். பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடப்புத்தகம், ஆண்டு 1 முதல் 5 வரை, ஊரிலிருந்து வாங்கி மெல்பேணுக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், சுவாவுக்கு அனுப்புவது என் பொறுப்பு.

தை மாதக் கூட்டத்துக்கு முன் பொருளாளர் இதை நிரலில் சேர்க்க வேண்டும். எதிர்ப்பு இருப்பவர்கள் தயவுசெய்து அம்மாவின் கிளினிக் பற்றி மட்டும் எழுதுங்கள், 1622 பற்றி வேறொரு மடலில் கதைப்போம்.