39 மணி நேரம் ஸ்டேஷனில் வைத்து எடுத்த வாக்குமூலமும் மீட்பும் கோர்ட்டில் நிற்குமா?

கேட்டவர்: சட்டத்தன்னார்வலர்_திண்டுக்கல்

இலவச சட்ட உதவிக்கு வந்த விஷயம். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

22 வயதுப் பையன். திங்கள் இரவு 9 மணிக்கு வீட்டிலிருந்து கூட்டிப் போயிருக்கிறார்கள். கைது மெமோவில் செவ்வாய் மாலை 6 மணி, பேருந்து நிலையம் அருகே என்று இருக்கிறது. புதன் நண்பகல் 12 மணிக்கு மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி ரிமாண்ட். ஏட்டில் 18 மணி நேரம், உண்மையில் 39. வீடு புகுந்து திருடியதாக வழக்கு, பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, புதிய தண்டனைச் சட்டம்) 305. ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்ததாகவும், அதன்பேரில் செவ்வாய் இரவு 8 மணிக்கு நகை மீட்டதாகவும் மகஜர் (சாட்சிகள் முன் எழுதிய கைப்பற்றல் பதிவு). வீட்டைச் சோதனை போட்டு செல்போனை எடுத்ததற்கு வீடியோ இல்லை. விரலைப் பிடித்து வைத்துப் போனைத் திறந்திருக்கிறார்கள். உள்ளங்காலில் லத்தியால் அடித்ததாகப் பையன் சொல்கிறான். இன்றைக்கு ரிமாண்டாகி மூன்றாம் நாள்.

சட்டவிரோதமாக எடுத்த ஆதாரம் என்று இதையெல்லாம் ஒதுக்கிவிட முடியுமா? போலீஸ் மீது எங்கே போவது, எதை முதலில் செய்வது?

பதில் 1: குறுக்குவிசாரணை_மதுரை

‘சட்டவிரோதமாக எடுத்தது, அதனால் செல்லாது’ என்ற ஒற்றை வாதத்தை நம்பி இறங்காதீர்கள். அமெரிக்காவில் உள்ளதுபோல் அப்படிப்பட்ட ஆதாரத்தைப் பொதுவாகவே வெளியே தள்ளும் விதி இங்கே கிடையாது. பூரண்மல் வழக்கில் (1974) உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இன்றும் அடிப்படை: சோதனை முறைகேடாக நடந்திருந்தாலும் கிடைத்த பொருள் வழக்குக்குத் தொடர்புடையது என்றால் ஆதாரமாக ஏற்கலாம். மல்கானி வழக்கிலும் (1973) அதே போக்குத்தான். ஆகவே ஒவ்வொரு ஆதாரத்துக்கும் தனித்தனித் தடை எது என்று பார்க்க வேண்டும்.

வாக்குமூலம்: பி.எஸ்.ஏ. (புதிய சாட்சியச் சட்டம்) 23-ன்படி போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது. அதற்காக மெனக்கெட வேண்டியதில்லை. வம்பு அதே பிரிவின் காப்புரையில்தான் (பழைய சாட்சியச் சட்டத்தின் 27). பொருள் மீட்புக்கு வழிகாட்டிய பகுதி மட்டும் உள்ளே வரும். திருட்டு வழக்குகளில் முக்கால்வாசித் தண்டனை இந்த ஒரு வாசலில்தான் வருகிறது.

அந்த வாசலை அடைக்கும் சாவி காதி காலு ஓகத் தீர்ப்பில் (1961) இருக்கிறது. கட்டாயப்படுத்தி வாங்கிய தகவல் என்றால் அரசமைப்பின் 20(3) (தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது) குறுக்கே வரும். மீட்புக்கு வழிகாட்டிய பகுதியும் அடிபடும். ஆனால் கட்டாயம் நடந்தது என்று காட்ட வேண்டியது நம் தரப்பு. காவலில் இருந்தான் என்பது மட்டும் போதாது. அதனால்தான் காயத்துக்கான மருத்துவப் பதிவு புகாருக்கு மட்டுமல்ல, அசல் வழக்குக்கே உயிர்நாடி. பலர் இதை இரண்டு தனி விஷயமாக நினைத்து, ‘முதலில் ஜாமீன் வாங்குவோம், அடித்ததை அப்புறம் பார்ப்போம்’ என்று விட்டுவிடுகிறார்கள். அப்புறம் பார்க்க ஒன்றும் இருக்காது.

மீட்பு மகஜரில் நான் முதலில் பார்ப்பது மூன்று நேரங்கள்: கைது, வாக்குமூலம் தொடங்கியது, மகஜர் முடிந்தது. உங்கள் கணக்கில் 6 மணிக்குக் கைது, 8 மணிக்கு மீட்பு. இடையில் வாக்குமூலம் எழுதி, சாட்சிகளை வரவழைத்து, வண்டி எடுத்து, அந்த இடத்துக்குப் போயிருக்க வேண்டும். தூரத்தை அளந்து பாருங்கள். சாட்சி அந்த ஊர் வி.ஏ.ஓ.வும் தலையாரியுமா? அப்படியானால் அவர்களுக்குத் தகவல் எப்படிப் போனது, அதே நேரத்தில் அலுவலகப் பதிவேட்டில் எங்கே இருந்தார்கள் என்று கேட்கலாம். நகை படிவம் 95-ல் (கைப்பற்றிய பொருளைக் கோர்ட்டில் ஒப்படைக்கும் படிவம்) என்றைக்குக் கோர்ட்டுக்கு வந்தது? தாமதமில்லாமல் வர வேண்டியது பத்து நாள் கழித்து வந்திருந்தால், நடுவில் அது யார் கையில் இருந்தது என்பதற்குப் பதில் இருக்காது.

வீடியோ இல்லாத சோதனைக்கு வருவோம். பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 105-ன்படி சோதனை, பட்டியல், சாட்சிக் கையெழுத்து எல்லாம் ஒளி-ஒலிப் பதிவாக வேண்டும். தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். 185-ன்கீழ் வாரண்ட் இல்லாத சோதனை என்றால் காரணத்தை எழுதி வைத்து, அதன் நகலை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். வீட்டுக்காரர் மனுப் போட்டால் நகல் இலவசம். அம்மாவையோ அப்பாவையோ வைத்து இன்றே அந்த மனுவைப் போடச் சொல்லுங்கள். மீறினால் ஆதாரம் செல்லாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் அந்த நாளில் கோர்ட்டுக்கு எதுவும் போகவில்லை என்று ஆவணமாகிவிட்டால், பிற்பாடு தயாரித்துச் சேர்க்க முடியாது.

பதில் 2: ரிமாண்ட்_வக்கீல்

சார் ஆதாரப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் என்பதால் அவசரமானதை மட்டும் சொல்கிறேன்.

உள்ளங்கால் அடி வெளியே அதிகம் காட்டாது. வீக்கமும் கன்றலும் ஓரிரு வாரத்தில் போய்விடும், எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ரிமாண்டுக்கு முன் அரசு மருத்துவமனையில் பார்த்திருப்பார்கள், ஆனால் செருப்பைக் கழற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள். ‘வெளிக்காயம் இல்லை’ என்ற ஒரு வரி இருக்கும். ஆகவே நாளைக்கே மாஜிஸ்திரேட் முன் மனு: பி.என்.எஸ்.எஸ். 53-ஐக் காட்டி, உள்ளங்கால் இரண்டையும் குறிப்பிட்டு, போலீஸ் உடன் இல்லாமல் பரிசோதனை, புகைப்படம், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. என்று கேளுங்கள். ‘மருத்துவப் பரிசோதனை வேண்டும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் ரத்த அழுத்தம் பார்த்து அனுப்பிவிடுவார்கள். காயம் எப்போது ஏற்பட்டிருக்கும் என்ற குறிப்பும் அறிக்கையில் வர வேண்டும், அதைச் சட்டமே சொல்கிறது. நகல் கைதிக்கோ அவர் சொல்பவருக்கோ கொடுத்தாக வேண்டும்.

கூடவே இரண்டு காகிதம்: மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல் (ஏ.ஆர். காப்பி), சிறையில் சேர்க்கும்போது சிறை மருத்துவர் எழுதிய குறிப்பு. ரிமாண்டுக்கு முந்தைய சீட்டில் காயம் இல்லை என்றும், சில மணி நேரத்தில் சிறைப் பதிவில் நொண்டுகிறான் என்றும் இருந்தால், அந்த முரண்பாடே உங்களுக்குப் போதும்.

ரிமாண்ட் உத்தரவில் ‘போலீஸ் மீது புகார் இல்லை என்றார்’ என்று இருக்கிறதா பாருங்கள். இருக்கத்தான் செய்யும். பயந்துபோய் அப்படிச் சொன்னான், காரணம் இன்னது என்று அடுத்த ரிமாண்ட் நீட்டிப்பின்போது எழுத்துமூலமாகச் சொல்ல வைக்க வேண்டும். வாயால் சொல்வது பதிவாகாமல் போகலாம், மெமோவாகக் கொடுத்தால் வழக்குக் கோப்பில் கிடக்கும்.

கைதுக்கான காரணத்தை எழுத்தில், அவனுக்குப் புரியும் மொழியில் கொடுத்தார்களா? பங்கஜ் பன்சல் (2023), பிரபீர் புர்காயஸ்தா (2024), விஹான் குமார் (2025) என்று வரிசையாகத் தீர்ப்புகள் இருக்கின்றன. இது தவறியிருந்தால் கைதே செல்லாது, ரிமாண்டும் ஆடும். 305-க்கு அதிகபட்சம் 7 ஆண்டு என்பதால் அர்னேஷ் குமார் (2014) வழிகாட்டுதலும் பொருந்தும். கைது செய்யாமல் விசாரணைக்கு வரச் சொல்லும் பி.என்.எஸ்.எஸ். 35(3) நோட்டீஸ் போதாது, கைதுதான் வேண்டும் என்பதற்குக் காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும். வெறும் ‘டிக்’ அடித்த படிவம் போதாது.

கேட்டவர்

நன்றி சார். திங்கள் இரவே ஸ்டேஷனில் இருந்தான் என்பதை எதை வைத்து நிரூபிப்பது? வீட்டார் சாட்சியை ‘சொந்தக்காரர்’ என்று ஒதுக்கிவிடுவார்களே.

பதில் 3: குறுக்குவிசாரணை_மதுரை

சி.சி.டி.வி.தான். பரம்வீர் சிங் சைனி தீர்ப்புப்படி (டிசம்பர் 2020) ஸ்டேஷனின் வாசல், லாக்கப், வராந்தா, வரவேற்பு எல்லாவற்றிலும் ஒலியோடு கேமரா இருக்க வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், அது முடியாத கருவி என்றாலும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது. நடைமுறை வேறு. சாத்தான்குளத்தில் 2020-ல் விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், பதிவு அன்றன்றைக்கே அழியும்படி அமைத்திருந்ததாக உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். எனவே தகவல் உரிமை மனுப் போட்டு 30 நாள் காத்திருக்காதீர்கள். விசாரணைக்கு இடையூறு என்ற 8(1)(எச்) விலக்கைக் காட்டி மறுப்பார்கள், அதற்குள் பதிவு போயிருக்கும். மாஜிஸ்திரேட்டிடம் பி.என்.எஸ்.எஸ். 94-ன்கீழ் மனுப் போட்டு, திங்கள் இரவு 8 முதல் புதன் மதியம் 1 வரை என்று நேரம் குறித்து, எந்தெந்த கேமரா என்று சொல்லி, பாதுகாத்துத் தாக்கல் செய்ய உத்தரவு கேளுங்கள். அதே கோரிக்கையை எஸ்.பி.க்கும் மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கும் மின்னஞ்சல், விரைவு அஞ்சல் இரண்டிலும் அனுப்புங்கள். பிறகு ‘கேமரா பழுது’ என்றால், பழுதைச் சரிசெய்யச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து மேலே எழுதிய கடிதம் எங்கே என்று கேட்கலாம்.

பையனின் போன், கைது செய்த அதிகாரியின் போன் இரண்டுக்கும் டவர் விவரம் கேளுங்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அழைப்புப் பதிவை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால் இது மட்டும் அவசரமில்லை. திங்கள் இரவு வீட்டார் 100-க்கோ 112-க்கோ அழைத்திருந்தால் அதுவும் நேரமுத்திரைதான். அந்தக் காலத்து வக்கீல்கள் இதற்குத்தான் எஸ்.பி.க்குத் தந்தி அடிப்பார்கள். தந்தி 2013-ல் நின்றுபோனது, அந்த வேலையை இப்போது மின்னஞ்சல் செய்கிறது.

பதில் 4: கீ_பேட்

செல்போனைப் பற்றி யாரும் சொல்லவில்லை. விரலை வைத்துத் திறந்தது 20(3)-க்கு எதிரானது என்ற வாதம் பலவீனமானது. விரல்ரேகை ‘சாட்சியம்’ அல்ல என்று அதே ஓகத் தீர்ப்பே சொல்கிறது. கடவுச்சொல்லைச் சொல்ல வைத்திருந்தால் கதை வேறு. இங்கே அந்தரங்க உரிமை (புட்டசாமி, 2017), பலப்பிரயோகம் என்று போகலாம். ஆனால் உண்மையான ஓட்டை தொழில்நுட்பத்தில் இருக்கும்.

மின்னணு ஆதாரத்துக்கான பி.எஸ்.ஏ. 63-ன் சான்றிதழில் இப்போது இரண்டு பகுதி: ஒன்று கருவியைக் கையாண்டவர், மற்றொன்று நிபுணர். ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறினால் மாறிவிடும் எண் முத்திரை) எந்த முறையில் எடுத்தது என்பதும் எழுத வேண்டும். ஸ்டேஷனில் போனைத் திறந்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிரிண்ட் போட்டு வைத்திருந்தால் அதற்கு ஹாஷ் இருக்காது. தடய அறிவியல் ஆய்வக அறிக்கை வந்ததும், கைப்பற்றிய நேரத்துக்குப் பிறகு எந்தச் செயலி திறக்கப்பட்டது, எந்தக் கோப்பு மாறியது என்று பாருங்கள். ஒன்று மாறியிருந்தாலும் சீல் வைத்தோம் என்ற சாட்சியம் உடையும். சான்றிதழ் இல்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். அர்ஜுன் பண்டித்ராவ் தீர்ப்பு (2020) விசாரணை முடிவதற்குள் அதைக் கொண்டுவர இடம் தருகிறது.

ஒட்டுக்கேட்பு வழக்கு என்றால் நிலைமை நமக்குச் சாதகம். உரிய காரணம் இல்லாத ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்து, அதில் கிடைத்த உரையாடலைப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஜூலை 2025-ல் சொல்லியிருக்கிறது. உங்கள் வழக்குக்கு நேரடியாகப் பொருந்தாது, ஆனால் பூரண்மல்தான் கடைசி வார்த்தை என்று அரசு வக்கீல் சொல்லும்போது எடுத்துக் காட்டலாம்.

பதில் 5: ரிமாண்ட்_வக்கீல்

போலீஸ் மீதான நடவடிக்கைக்கு வருகிறேன். குற்றப்பிரிவுகள்: வாக்குமூலத்துக்காகக் காயப்படுத்தியது பி.என்.எஸ். 120(1), 7 ஆண்டு வரை. சட்டவிரோத அடைப்பு 127(2). அதிகாரம் இருந்தும் சட்டத்துக்கு மாறாக அடைத்தது 258. ஸ்டேஷனில் புகார், மறுத்தால் எஸ்.பி., பிறகு பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட். ஆனால் அரசு ஊழியர் என்பதால் பி.என்.எஸ்.எஸ். 175(4) குறுக்கே நிற்கும்: மேலதிகாரியின் அறிக்கையும் எதிர்த்தரப்பின் விளக்கமும் பார்த்த பிறகே விசாரணை உத்தரவு. அதற்குத்தான் அவர்கள் தயாராவார்கள். ஏ.ஆர். காப்பியும் சிறைக் குறிப்பும் சேர்த்துத் தாக்கல் செய்யாத மனு அங்கேயே படுத்துவிடும்.

வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி (பி.என்.எஸ்.எஸ். 218) எல்லாருக்கும் தேவை என்று பயமுறுத்துவார்கள். அரசின் அனுமதியோடு மட்டுமே பதவி நீக்கக்கூடிய ஊழியருக்குத்தான் அது. கீழ்நிலைக் காவலர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு தரும் அரசின் தனி அறிவிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். தேவராஜா வழக்கில் (2020) எல்லை மீறினாலும் கடமையோடு நியாயமான தொடர்பு இருந்தால் அனுமதி வேண்டும் என்றார்கள். அதனால் மனுவில் ‘விசாரணையின்போது அடித்தார்’ என்று எழுதாமல், கைதே பதிவாகாத நேரத்தில், எந்தச் சட்டக் காவலிலும் இல்லாதவனை அடித்ததாக நேரத்தோடு எழுதுங்கள். அனுமதி கேட்டு 120 நாளில் முடிவு வராவிட்டால் கொடுத்ததாகவே கருதப்படும்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், சம்பவத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு சொன்ன பிறகு அதற்குப் பல் முளைத்திருக்கிறது. கோர்ட்டில் இருக்கும் விஷயம் என்று திருப்பி அனுப்பாமல் இருக்க, திருட்டு வழக்கைப் பற்றி ஒரு வரிகூட வாதாடாதீர்கள். அடி, அடைப்பு மட்டும். காவல்துறை புகார் ஆணையம் என்று ஒன்று இருக்கிறது, மாநில அளவில் உள்துறைச் செயலாளரே தலைவர். நான் அங்கே நேரம் செலவிடச் சொல்ல மாட்டேன்.

இழப்பீட்டுக்கு அரசமைப்பின் 226-ன்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட், நீலபதி பெஹரா (1993) அடிப்படை. திண்டுக்கல் என்றால் மதுரைக் கிளை. ஆணையத்தில் ஒன்று, ரிட்டில் ஒன்று என்று வேறுவேறு நேரம் எழுதிவிடாதீர்கள். இரண்டு மனுவையும் அசல் வழக்கின் குறுக்கு விசாரணையில் எதிராகப் படித்துக் காட்டுவார்கள். நேர வரிசையை ஒரே தாளில் எழுதி, பையனின் கையெழுத்து வாங்கி, எல்லா மனுவுக்கும் அதையே வையுங்கள்.