ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை வயசு? கல்லையும் சுவரையும் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

இராமநாதபுரம் கடலோர ஊர்ப் பள்ளியின் வயசைக் கண்டுபிடிக்கவும், பழைய சுவரைக் காக்கவும் நான்கு பேர் ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் சொல்பவரின் புனைபெயர்.

பதிவறை:
பொன்விழா மலர் போடும் ஊர்கள் முதலில் சறுக்குவது ஆண்டில்தான். வாசல் கல்லில் உள்ள ஆண்டு பெரும்பாலும் தரம் உயர்த்திய ஆண்டு. பள்ளி தொடங்கியது அதற்கு வெகுகாலம் முன்பே இருக்கும். நடுநிலைப்பள்ளி உயர்நிலையாகும்போது ஒன்று முதல் ஐந்து வரை பிரிந்து ஒன்றியத் தொடக்கப்பள்ளியாக நின்றுவிடும். பழைய சேர்க்கைப் பதிவேடும் அநேகமாக அங்கேயே தங்கிவிடும். உயர்நிலைப்பள்ளி பீரோவைக் குடைவதற்கு முன் தொடக்கப்பள்ளிக்குப் போங்கள்.

முதல் பக்கம் கிழிந்திருந்தால் முத்திரையைப் பாருங்கள். பஞ்சாயத்து யூனியன் முத்திரை என்றால் 1958 பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிந்தியது. அச்சுத் தலைப்பில் 'தமிழ்நாடு அரசு' இருந்தால் 1969-க்குப் பிந்தியது. கலெக்டர் ஆபீஸ் கடிதம் மதுரையிலிருந்து வந்திருந்தால் குழம்ப வேண்டாம். 1985-இல் மாவட்டம் பிரியும்வரை இராமநாதபுரம் மாவட்டத்துக்கு மதுரைதான் தலைமையிடம்.

கல்லெழுத்து:
அண்ணே, இன்னொரு வழியும் உண்டு. கல்லில் 'உயர்நிலைப்பள்ளி' என்ற சொல்லில் 'லை'யை மட்டும் கிட்டப் போய்ப் பாருங்கள். 'ல'வின் தலையில் யானைத் தும்பிக்கை மாதிரி சுழி வளைந்திருந்தால் அது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய உரு. பழகிய கை சில வருஷம் பழையபடியே வெட்டியிருக்கும், அதனால் இதை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது. உபயக் கல்லில் தொகை ரூபாய்-அணாவில் இருந்தால், நயா பைசா வந்த 1957 ஏப்ரலுக்கு முந்தியது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். 'மேல்நிலைப்பள்ளி' என்று இருந்தால் பிளஸ் டூ வந்த 1978-க்கு முன்னே போகவே முடியாது.

கீழக்கரைக் கொத்து:
கட்டடத்துக்கு வருவோம். காரை உதிர்ந்த இடத்தில் தேன்கூடு போலக் குழி குழியாகத் தெரிகிறதா? அது முருகைக்கல், அதாவது கடலிலிருந்து எடுத்த பவளக்கல். தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகும் நிற்கிற தேவாலயச் சுவரும் இந்தக் கல்தான். கடலிலிருந்து எடுத்த புதிதில் இளக்கமாக இருக்கும், காயக் காய இறுகும். உப்பு உள்ளேயே இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஈரம் வெளியேறிக்கொண்டிருக்கும்வரை பயமில்லை.

கெடுப்பது சிமெண்டுப் பூச்சு. ஆண்டு விழாவுக்கு அவசரமாகப் பூசி, மேலே பெயிண்டும் அடித்துவிடுவார்கள். ஈரத்துக்கு வழி அடைபட்டதும் உப்பு பூச்சின் பின்னாலேயே படிந்து பருத்து, கல்லின் முகத்தையும் சேர்த்துப் பலகை பலகையாகத் தள்ளிவிடும். பழி கல்லுக்கு வரும், சுவரை இடிக்கச் சொல்வார்கள். மனசு கேட்கவில்லை.

சரி செய்ய: சிமெண்டைச் சிற்றுளியால் கொத்தி எடுங்கள். பூத்த உப்பைக் காய்ந்த பிரஷால் தள்ளி வாரி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும். புதுப் பூச்சுக்கு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த ஆற்று மணல் மூன்று பங்கு. கடுக்காய் ஊறிய நீர், கொஞ்சம் வெல்லம். கிணறு உவராக இருந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம், குடிநீரையே எடுங்கள். இரண்டு கை பூசி, இரண்டு வாரம் ஈரச் சாக்குப் போட்டுக் காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடக் கூடாது, சித்திரை வெயிலில் வெடிக்கும். தை, மாசிதான் சரி.

கல் குறைந்தால் இடித்த பழைய சுவரின் கல்லையே பயன்படுத்துங்கள். 2001 முதல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, கடலில் கை வைக்கக் கூடாது.

கம்பிக்கட்டு:
கான்கிரீட் வகுப்பறைகள் இதைவிட ஆபத்தானவை தம்பி. கூரையின் அடியில் கம்பி ஓடும் கோட்டிலேயே நீளமாக விரிசல் விழுந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருக்கிறது என்று பொருள். சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். 'டொப்' என்று வெற்றுச் சத்தம் வந்தால் அந்த வகுப்பை அன்றே காலி செய்யுங்கள். பூசி மறைப்பது பிள்ளைகள் தலைமேல் செய்யும் துரோகம். கடலோரத்துக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தரவிதி சொல்வது குறைந்தது 45 மில்லிமீட்டர் கவர் (கம்பியை வெளியே மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம்), எம்30 என்ற வலுத் தரத்தில் கலவை. புதுக் கட்டடத்துக்குக் கம்பி கட்டிய அன்று, கான்கிரீட் போடுமுன், கம்பியை அந்த இடைவெளியில் தாங்கி நிறுத்தும் கவர் கட்டைகளை டேப் வைத்து அளந்து பாருங்கள். போட்ட பிறகு அளக்க முடியாது.